மண்ணெண்ணெயில் ஓடின காலமும் எங்கட மொறிஸ் மைனரும்

கோண்டாவிலில எங்கட வீட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குள்ள ஒரு மொறிஸ் மைனர் நிக்குது. 1957ஆம் ஆண்டுக் கார். அப்பப்பா வாங்கினது, அப்பா ஓடினது. இப்ப அதுக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுக்கிற ஆள் நான்.

போன வருசம் கொழும்பில இருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். சுத்திச் சுத்திப் படம் எடுத்தார். பேந்து ஒரு விலை சொன்னார். அப்பா ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் அந்த விலை வீட்டைவிட்டுப் போகேல்லை. சாப்பிடேக்க, மழை பெய்யேக்க, கொட்டில் கூரை ஒழுகேக்க எல்லாம் அந்தக் கேள்வி வரும்: இதை நாங்கள் ஏன் வைச்சிருக்கிறம்?

பழைய கார்களைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கேக்க இரண்டு சொல் கட்டாயம் வரும். ஒண்டு 'பொக்கிசம்', மற்றது 'மரபு'. கலியாண வீட்டில மாப்பிள்ளை இறங்க, பாட்டு வீடியோவில கதாநாயகன் சாய்ஞ்சு நிக்க, வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையள் செல்பி எடுக்க ஒரு ஒஸ்ரினோ மொறிஸ் மைனரோ வேணும். அதில பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில இந்தக் கார்கள் இவ்வளவு காலம் உயிரோட இருந்தது ஆசையால எண்டு நினைச்சால், எங்கட வரலாற்றின்ர பாதியை விட்டுவிடுவம். எங்கட வீட்டுக் காரை வைச்சு அந்தப் பாதியை எழுதிப் பார்க்கிறன்.

நாலு அங்குலம்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கியவரும் அவரே. மைனரின் மாதிரிக் கார் முடிந்த பிறகு, அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. காரை நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். அடுத்தமுறை ஒரு மைனரைக் கண்டால் முன்னால நிண்டு பாருங்கோ, தெரியும்.

1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் ஆகின. அதுக்குப் பிறகு மைனருக்கு ஒஸ்ரினின் 'ஏ' வகை எஞ்சின் கிடைத்தது. 1956இல் வந்த 'மைனர் 1000' 948 சிசி எஞ்சினைக் கொண்டது. எங்கட கார் அந்த வகை. 1971 வரை சுமார் 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் கார் இதுதான்.

எஞ்சினைச் சுற்றிக் கை போக இடமிருக்கும். கம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. பற்றரி செத்தாலும் முன்பக்க ஓட்டைக்குள்ள ஹான்டிலை விட்டுச் சுத்தி எழுப்பலாம். மூண்டு நாலு ஸ்பானரும் ஒரு ஸ்குறூ டிறைவரும் இருந்தால் பாதி வேலையை வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம். சாதாரணக் குடும்பம் ஒண்டு வாங்கிச் சமாளிக்கவேணும் எண்டு செய்த எளிமை இது. எங்களுக்கு அது வேற ஒரு தேவைக்கு உதவினது.

நம்பர் பிளேற்றில் ஒரு வரலாறு

எங்கட காரின்ர இலக்கம் ஆங்கிலத்தில 'ஈ வை' எண்டு தொடங்கும். 'சிலோன்' எண்ட ஆங்கிலச் சொல்லில் இருந்து எடுத்த எழுத்துகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து அந்தக் காலத்தில் வாகனங்களுக்கு இலக்கம் குடுத்தவை. 1958ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அது மாறியது. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கும், 1957 யூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கும் பிறகு நடந்த விசயம் இது. அதே 1958 சனவரியில் பஸ் சேவையும் தேசியமயமானது. சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. இங்கே சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசி, தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம்.

அப்பப்பா தன்ர காரைச் சில மாதம் பிந்தி வாங்கியிருந்தால் அதிலயும் அந்த எழுத்து இருந்திருக்கும். அவர் அதைப் பற்றிப் பெருமையாகவும் சொன்னதில்லை, கோபமாகவும் சொன்னதில்லை. "பூசிறதுக்குத் தார் மிச்சம்" எண்டு மட்டும் சொல்லுவாராம்.

பூட்டின கதவுகள்

அந்தக் கார் வாங்கிக் கொஞ்சக் காலத்திலேயே நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் அது இன்னும் இறுகியது. உதிரிப்பாகமும் இலேசில் கிடைக்கவில்லை. அந்த ஏழு வருசமும் யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கு மிளகாயும் வெங்காயமும் நல்ல காசைக் குடுத்தது. வெளியில இருந்து ஒண்டும் வராததால உள்ளூர் விளைச்சலுக்கு விலை இருந்தது. அதே காரணத்தால புதுக் காரும் இல்லை. கையில காசு இருந்தவனும் பழைய ஒஸ்ரினைத்தான் வாங்கவேண்டி இருந்தது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. தெற்கில் பழைய ஆங்கிலேயக் கார்கள் மெல்ல மெல்ல ஒதுங்கத் தொடங்கின. இங்கேயும் அது நடந்திருக்கும். ஆனால் 1983 வந்தது. பிறகு 1990 யூன் வந்தது.

போர் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. மின்சாரமும் இல்லை. ஒரு பூட்டு 1960களில் நாடு முழுக்கப் போட்டது. இந்தப் பூட்டு எங்களுக்கு மட்டும் போட்டது.

இதிலே ஒரு விசித்திரம் இருக்கு. அதே 1990களில்தான் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் மையம் நடத்தி வந்த சார்ள்ஸ் வெயர், அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். இந்தத் தீவில் செய்த தகடுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. ஆனையிறவைத் தாண்டி எங்களுக்கு ஒரு பிளக் வரவில்லை.

மண்ணெண்ணெய் எப்படி எரிஞ்சது?

'யாழ்ப்பாணத்தில கார் மண்ணெண்ணெயில ஓடினது' எண்டு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பம். எப்படி எண்டு கேட்டால் கனபேருக்குத் தெரியாது. விசயம் இதுதான்.

பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேணும். ஆகவே எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பவேணும்; நல்லாச் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். மைனரில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகிற குழாய், புகை வெளியே வருகிற குழாயோடு ஒட்டியபடி இருக்கும். அந்தச் சூட்டுக்கு மண்ணெண்ணெய் ஆவியாகும்.

அடுத்தது அழுத்தம். மண்ணெண்ணெயை அதிகமாக அழுத்தினால் நேரத்துக்கு முன்னமே வெடிச்சு எஞ்சின் 'நொக்' அடிக்கும். இன்றைய கார்களின் அழுத்த விகிதம் 10 அளவில் இருக்கும். அந்தக் காலத்து எஞ்சின்கள் 7, 8 அளவில்தான். அதாலதான் பழைய கார் மண்ணெண்ணெயைத் தாங்கினது. புதுசாக இருந்த ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள்ள தூங்க, முப்பது நாப்பது வயசான ஒஸ்ரினும் மொறிஸும் றோட்டில ஓடினதுக்குக் காரணம் இது. பழசாக இருந்ததே தகுதியாகிவிட்டது.

இது எங்கட ஆக்கள் மட்டும் கண்டுபிடிச்சது இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தின இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் எழும்பி, மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடின. அங்கே அதுக்கெண்டு தொழிற்சாலையில் செய்த தாங்கியும் குழாயும் இருந்தன. இஞ்ச அதுகள் இல்லை. எங்கட காரில, பொனற்றுக்குள்ள ஒரு சின்னப் போத்தலில பெற்றோல் தொங்கினது. அதில இருந்து ஒரு சேலைன் குழாய் காபரேற்றருக்குப் போகும். நடுவில ஒரு திருப்பி. சேலைன் குழாயின்ர சொட்டுக் கட்டுப்பாட்டை ஆசுபத்திரிக்கு வெளியில இப்படிப் பயன்படுத்தலாம் எண்டு முதல் யோசிச்ச ஆள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டை வந்து சேருறதுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கேக்க அப்பா திருப்பியைப் பெற்றோலுக்கு மாத்துவாராம். அப்பத்தான் காபரேற்றருக்குள்ள பெற்றோல் நிண்டு, அடுத்தநாள் எழும்பும். மறந்தால் பிளக்கைக் கழட்டித் துடைச்சு, சொட்டுச் சொட்டாப் பெற்றோல் விட்டு, ஹான்டில் போட்டுச் சுத்திறதுதான். பற்றரிக்கும் தடை எண்டதை மறக்காதேங்கோ.

1995 ஒக்ரோபர் 30

வலிகாமம் இடம்பெயர்ந்த அந்த இரவில் எங்கட காருக்குள்ள அப்பம்மாவும், பக்கத்து வீட்டு இரண்டு வயசாளிகளும், ஒரு கைக்குழந்தையும் இருந்தவை. மழை. செம்மணியால நாவற்குழிப் பாலத்துக்குப் போற றோட்டில இலட்சக்கணக்கான சனம். கார் ஊரக்கூட இடமில்லை.

மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சினை மெதுவாக நிண்டு நிண்டு ஓடவிடேலாது. சூடு குறைஞ்சால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பிளக்கை நனைச்சு எஞ்சின் நிண்டிடும். போத்தலில இருந்த பெற்றோலும் கொஞ்சம்தான். அப்பா எஞ்சினை நிப்பாட்டிவிட்டார். அவரும் மாமாவும், முன்பின் தெரியாத ஆக்களும் சேர்ந்து தள்ளிச்சினம். எங்கட கார் கைதடிக்கு ஓடிப் போகேல்லை, தள்ளித்தான் போனது. "அண்டைக்கு அது கார் இல்லை, நாலு சில்லு வைச்ச கட்டில்" எண்டு அப்பா சொல்லுவார். அதுக்கு மேல அவர் சொல்லமாட்டார்.

கூடின ஓயில்

இந்தக் கதைகளை நான் முதலில் எழுதேக்க ஒரு வீரக்கதையாகத்தான் எழுதினன். தடை போட்டாங்கள், நாங்கள் மண்ணெண்ணெயில ஓட்டிக் காட்டினம் எண்டு. அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓயிலைப் பற்றி எழுதேல்லையோ?" எண்டு கேட்டார்.

எஞ்சின் ஓயிலை அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால், ஓட ஓட ஓயில் குறையும். மண்ணெண்ணெயில ஓடின கார்களில் அது குறையேல்லை. சிலவேளை கூடினது. முதலில சனத்துக்குச் சந்தோசம். உண்மையில் நடந்தது என்னெண்டால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால வடிஞ்சு கீழ இறங்கி ஓயிலோட கலந்தது. அளவு கூடினது, வழவழப்புப் போனது. ஓயில் இல்லாத எஞ்சின் சத்தம் போட்டுக் காட்டிக் குடுக்கும். மண்ணெண்ணெய் கலந்த ஓயிலோட ஓடுற எஞ்சின் உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கம்பியில பார்த்தால் எல்லாம் நிறைவாகத்தான் தெரியும்.

2002இல் ஏ9 பாதை திறந்து எஞ்சினை இறக்கினபோது, கிராங்கின்ர பெயாரிங்குகள் செப்பு நிறம் தெரியத் தேய்ஞ்சு போயிருந்தனவாம்.

அந்தக் காலத்தைப் பற்றி எங்கட தலைமுறை எழுதுறதிலயும் இந்த ஓயில் பிரச்சினை இருக்கெண்டு நினைக்கிறன். சயிக்கிள் டைனமோவில பாட்டுக் கேட்டம், மண்ணெண்ணெயில கார் ஓட்டினம் எண்டு சொல்லச் சொல்ல அளவு கூடுது. ஆசுபத்திரிக்கு நேரத்துக்குப் போகேலாமல் செத்த ஆக்களின்ர கதை அதுக்குள்ள கரைஞ்சு போகுது. கெட்டித்தனம் உண்மை. ஆனால் அந்தக் கெட்டித்தனத்துக்குள்ள எங்களை ஆரோ தள்ளிவிட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.

2022இல் எரிபொருள் வரிசையில் நாங்கள் நிண்டபோது, சிநேகிதர் பகிடியாகக் கேட்டவை: "உங்களுக்கென்ன, மண்ணெண்ணெய் விட்டு ஓடலாம்தானே?" அந்த நேரம் மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில நிண்டன. ஓகஸ்ட்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபா ஆனது. அப்பா பகிடிக்குச் சிரிக்கேல்லை. கியூஆர் கோட்டைக் காட்டி, கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோலை வரிசையில நிண்டு வாங்கினார்.

நான் பிழைவிட்ட கதை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் நான் காரைத் தொடத் தொடங்கினன். அதே மாதம் வாகன இறக்குமதியும் நிப்பாட்டுப்பட்டது. 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார் வரவேயில்லை. அதாவது மூண்டாவது பூட்டு. கொழும்பு ஆள் சொன்ன விலைக்குப் பின்னால அந்தப் பூட்டும் இருந்தது.

முதல் நாளே பிழை. பற்றரியைக் கழட்டிச் சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொழுவேக்க, எல்லாக் காரிலயும் செய்யிற மாதிரி மைனஸை உடம்புக்கும் பிளஸை வயருக்கும் குடுத்தன். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பிளஸ்தான் உடம்புக்கு. எஞ்சின் எழும்பினது. கொஞ்ச நேரத்தில றெகுலேற்றர் பெட்டிக்குள்ள இருந்து புகை வந்தது. டைனமோ பழைய பக்கத்துக்கே மின்சாரம் தர, பற்றரி எதிர்ப்பக்கமாக நிக்க, இடையில இருந்த கட்-அவுட் பொயின்ற் கருகிப் போச்சு. அப்பா ஏசேல்லை. "ஓடுற கார் எல்லாம் ஒரே கார் இல்லை" எண்டார்.

அதுக்குப் பிறகு அவர் கதிரையில இருப்பார், நான் கீழ படுப்பன். அவருக்கு இப்ப கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில எழுதினதில சிலது, உங்களில ஆருக்காவது உதவும்:

வால்வ் இடைவெளி 12 தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. எட்டு வால்வுக்கும் முன்பக்கத்தில இருந்து இலக்கம் போடுங்கோ. எது முழுக்கத் திறந்திருக்கோ, அந்த இலக்கத்தை ஒன்பதில இருந்து கழியுங்கோ. வாற இலக்கத்து வால்வைச் சரிபார்க்கலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூண்டாவது. இந்த 'ஒன்பது கணக்கு' தெரிஞ்சால் ஒண்டும் பிசகாது.

பொயின்ற் இடைவெளி 15 தவ், பிளக்குக்கு 25 தவ். அளக்கிற தகடு கிடைக்காத காலத்தில பொயின்றுக்கு நெருப்புப்பெட்டி மட்டையை வைச்சுப் பார்த்தவை. கிட்டத்தட்டச் சரியாத்தான் வரும்.

முன்சில்லைத் தாங்கிற கிங்பின்னின்ர மேல், கீழ் மரைகளுக்குக் கிறீஸ் அடிக்கப் பஞ்சிப்படாதேங்கோ. காய்ஞ்சு மரை தேய்ஞ்சால் ஒருநாள் றோட்டில வைச்சுச் சில்லு மடிஞ்சு விழும். மைனரின்ர பேர்போன வியாதி இது.

பிரேக் சிலிண்டருக்குள்ள இருக்கிற றப்பர் வாசர்களை மண்ணெண்ணெயில கழுவாதேங்கோ. றப்பர் ஊதிப் பிரேக் இறுகிவிடும். பிரேக் ஓயிலாலதான் கழுவவேணும். எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவிப் பழகின ஊர் எங்கட ஊர், அதாலதான் சொல்லுறன்.

காருக்குக் கீழ இருந்த ஆக்கள்

கடைசியா ஒண்டு. யாழ்ப்பாணத்தில கார் வைச்சிருந்தது எல்லாரும் இல்லை. சம்பளக்காரரும், வியாபாரிகளும், காணி பூமி இருந்தவையும்தான். அப்பப்பா படத்தில காருக்குப் பக்கத்தில வெள்ளை வேட்டியோட நிக்கிறார். அந்தக் காரை எண்பதுகள் வரைக்கும் உயிரோட வைச்சிருந்த மெக்கானிக்கின்ர படம் எங்கட வீட்டில ஒண்டுமில்லை. அப்பாட்டக் கேட்டால் அவரின்ர கராஜ் எங்க இருந்தது, என்னமாதிரிப் பீடி பிடிப்பார் எண்டெல்லாம் சொல்லுறார். முழுப்பேர் தெரியாது. அவர் வீட்டுக்கு வந்தால் எங்க இருந்து தேத்தண்ணி குடிச்சவர் எண்டு கேட்டன். அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுவிட்டு, "முற்றத்தில" எண்டார்.

தேய்ஞ்ச பெயாரிங்கைக் கையால வார்த்ததும், இல்லாத கஸ்கற்றை மட்டையில வெட்டினதும், சேலைன் குழாயைக் காபரேற்றருக்குக் கொண்டுவந்ததும் அப்படியான ஆக்கள்தான். அவையின்ர அறிவு ஒரு புத்தகத்திலயும் இல்லை. கனபேர் இப்ப இல்லை. இருக்கிற சிலர் உங்கட ஊர்ச் சந்தியில, தகரக் கொட்டில் கராஜுக்குள்ள, மோட்டார் சயிக்கிள் திருத்திக்கொண்டு இருப்பினம். ஒருநாள் போய், ஒரு கொப்பியோட பக்கத்தில இருங்கோ. முதலில பேரைக் கேட்டு எழுதுங்கோ.

கொழும்பு ஆள் திரும்பவும் கோல் எடுத்தவர். நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை. விக்கவேண்டி வந்தாலும் வரலாம், கொட்டில் கூரையும் மாத்தவேணும், அப்பாவின்ர மருந்துச் செலவும் இருக்கு. வித்தால் கொப்பியின்ர ஒரு பிரதியையும் காரோட சேர்த்துக் குடுக்கிறதெண்டு மட்டும் முடிவெடுத்திருக்கிறம். பற்றரியை எந்தப் பக்கம் கொழுவிறதெண்டு முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறன்.